டிரெடில் மெஷினில் இடது பக்கம் கறுப்பு, வலது பக்கம் வெளுப்பு: போல்ட்டை முறுக்கலாமா?

முதலில் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். மூடிப்போன ஓர் அச்சாபீஸிலிருந்து 10×15 அங்குல டிரெடில் மெஷின் (ஈய எழுத்தால் அடிக்கும் சிறிய அச்சு இயந்திரம்) ஒன்றையும் ஆறு கேஸ் (அறை அறையாகப் பிரித்த தட்டு) தமிழ் எழுத்தையும் ஒருவர் வாங்கியிருக்கிறார். கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போகிறாராம், எழுத்து தாளில் நன்றாகக் குழிந்து, தடவினால் விரலுக்குத் தெரிய வேண்டுமாம். அடித்துப் பார்த்ததில் இடது பக்கம் மை பிதுங்கிக் கறுப்பாக விழுகிறது, வலது பக்கம் எழுத்து பாதிதான் தெரிகிறது. பிளாட்டனுக்கு, அதாவது தாளை எழுத்தின் மேல் அழுத்தும் இரும்புப் பலகைக்கு, பின்னால் இருக்கும் போல்ட்டுகளை முறுக்கினால் சரியாகுமா, ரோலரையும் எழுத்தையும் எதனால் கழுவுவது, வேறு என்ன பராமரிப்பு என்று கேட்கிறார்.

போல்ட்டில் கை வைக்காதீர்கள். ஏற்கெனவே வைத்துவிட்டீர்கள் என்றால் எத்தனை சுற்று எந்தப் பக்கம் திருகினீர்கள் என்று ஞாபகம் இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எங்கள் வீட்டில் முன்கட்டில் அச்சாபீஸ், பின்கட்டில் குடித்தனம். பில் புத்தகம், கோயில் கொடை நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பதினாறாம் நாள் காரியத்துக்கான கார்டு, எல்லாம் அந்த டிரெடிலில்தான். ஆஃப்செட் வந்து வேலையெல்லாம் அங்கே போன பிறகும் நாங்கள் மெஷினை எடைக்குப் போடவில்லை. இன்றைக்கும் பில் புத்தகத்துக்கு நம்பர் போடவும், அட்டையில் கிரீசிங், பஞ்சிங் செய்யவும் ஓடிக்கொண்டிருக்கிறது. சிவகாசிப் பக்கம் போனால் இந்த வேலைக்கென்றே டிரெடில் வைத்திருப்பவர்களைப் பார்க்கலாம். எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் எங்கள் கம்பாசிட்டர் (எழுத்துக் கோப்பவர்) அண்ணாச்சி. அப்பா முதலாளி என்றாலும் மெஷின் பக்கம் அண்ணாச்சி சொன்னதுதான் சட்டம்.

அச்சில் எல்லாமே ஓர் எண்ணைச் சுற்றித்தான் நடக்கிறது: 0.918 அங்குலம், மில்லிமீட்டரில் சுமார் 23.3. ஈய எழுத்தின் காலடியிலிருந்து முகம் வரை உள்ள உயரம் அது. ரோலர் அந்த உயரத்தில் உருள வேண்டும், பிளாட்டன் அந்த உயரத்தில் வந்து முட்ட வேண்டும், கட்டையில் அறைந்த பிளாக்கும் (படத்துக்கான உலோகத் தகடு) அதே உயரம் இருக்க வேண்டும். சாதாரண ஜெராக்ஸ் தாள் ஒன்றின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். அந்த ஒரு தாள் கூடினால் கறுக்கும், குறைந்தால் வெளுக்கும். புதிதாக வருபவர்கள் எல்லாரும் இதை அழுத்தத்தின் கோளாறு என்று நினைத்து இன்னும் முறுக்கு, இன்னும் முறுக்கு என்று போகிறார்கள். பத்தில் எட்டுத் தடவை அது உயரத்தின் கோளாறு.

உங்கள் மெஷினில் குறை எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ரோலரை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, எழுத்தின் மேல் மை துளியும் இல்லாமல், சற்றுக் கனமான தாள் ஒன்றை வைத்து ஒரு தடவை அடியுங்கள். தாளைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பின்பக்கம் பாருங்கள். எழுத்தின் தடம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மேடாகத் தெரிந்தால் அழுத்தத்தில் ஒரு குறையும் இல்லை, குறை மையிலும் ரோலரிலும்தான். ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் வழுவழுவென்றும் இருந்தால் மட்டும் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். நீங்கள் சொல்வதில் 'மை பிதுங்குகிறது' என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதை வைத்துப் பார்த்தால் எனக்கு ரோலர் மேல்தான் சந்தேகம்.

ரோலரில் முதலில் பார்க்க வேண்டியது அதன் இரண்டு முனையிலும் உள்ள சக்கரம். தண்டவாளம் மாதிரி பெட்டின் (எழுத்து நிற்கும் இரும்புப் பலகை) இரு பக்கமும் ஓடும் இரும்புப் பட்டையில் அந்தச் சக்கரம் உருண்டு போகிறது, ரோலர் எழுத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் போக வேண்டும் என்பதை முடிவு செய்வது அதுதான். சக்கரத்தின் விட்டமும் ரோலரின் விட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐம்பது வருஷம் ஓடிய மெஷினில் சக்கரம் தேய்ந்திருக்கும், பட்டையும் தேய்ந்திருக்கும், அதுவும் ஒரு பக்கம் அதிகமாக. தேய்ந்த பக்கம் ரோலர் தாழ்ந்து எழுத்தைத் தொடுவதற்குப் பதில் உரசித் தள்ளும், மை எழுத்தின் முகத்தில் நிற்காமல் பக்கவாட்டில் வழியும், தாளில் எழுத்தைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் விழும். நீங்கள் பிதுங்கல் என்கிறீர்களே, அது இதுதான்.

சோதிக்க, பெட்டில் இடது ஓரம் ஒன்றும் வலது ஓரம் ஒன்றுமாக இரண்டு பெரிய எழுத்தையோ பிளாக் கட்டையையோ நிறுத்தி, ரோலரில் லேசாக மை கொடுத்து, கையால் மெஷினின் பெரிய சக்கரத்தைச் சுற்றி ரோலரை அதன் மேல் கொண்டுவந்து நிறுத்தித் திரும்ப எடுங்கள். கட்டையின் மேல் ஒரு மைக்கோடு விழுந்திருக்கும். அந்தக் கோடு மூன்று மில்லிமீட்டர் அகலம் போல இருந்தால் சரி. விரல் அகலத்துக்கு இருந்தால் ரோலர் தாழ்ந்திருக்கிறது, நூல் மாதிரி இருந்தால் உயர்ந்திருக்கிறது. தாழ்ந்த பக்கத்துப் பட்டையின் மேல் டேப் ஒன்றிரண்டு சுற்று ஒட்டினால் உயரம் ஏறும். கொஞ்ச நாளில் டேப் பிய்ந்துவிடும், அப்போது மறுபடி ஒட்ட வேண்டியதுதான். நிரந்தரமாக வேண்டும் என்றால் லேத் பட்டறையில் புதுச் சக்கரம் கடைந்து வாங்கிக்கொள்ளலாம், பெரிய செலவு இல்லை.

அப்புறம் மேலே இருக்கும் வட்டமான மைத்தட்டைப் பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் அது ஒரு பல் அளவு திரும்ப வேண்டும். அடியில் இருக்கும் கொக்கி தேய்ந்தோ பழைய மை இறுகியோ தட்டு திரும்பாமல் நின்றுவிட்டால், நீங்கள் மை வைத்த பக்கமே ரோலர் மறுபடி மறுபடி மை எடுக்கும். இடது பக்கம் மை வைக்கும் பழக்கம் இருந்தால் இடது பக்கம்தானே கறுக்கும்! சாக்பீஸால் தட்டின் ஓரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் பத்து அடி அடித்துப் பாருங்கள், கோடு நகர்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இத்தனையும் சரியாக இருந்து, மையில்லாத அடியிலும் ஒரு பக்கம் மட்டும் குழிந்தால் பேக்கிங்கை, அதாவது பிளாட்டனின் மேல் அடுக்கியிருக்கும் தாள்களை, பிரியுங்கள். டிம்பன் தாளுக்கு (எல்லாவற்றையும் மூடி இறுக்கிய மேல்தாள்) அடியில் பழைய ஆட்கள் விட்டுப்போன தாள்கள் இருக்கும், பழைய வேலையின் எழுத்துத் தடம் அதில் குழி குழியாகப் பதிந்திருக்கும், ஒரு மூலையில் மட்டும் யாரோ துண்டுக் காகிதம் ஒட்டியிருப்பார்கள். எல்லாவற்றையும் எடுத்து எறிந்துவிட்டுப் புதிதாக ஓர் அழுத்தமான அட்டை, மூன்று நாலு நல்ல தாள், மேலே இறுக்கமாக டிம்பன் என்று போடுங்கள். பெட்டிலும், அதாவது சேஸ் (எழுத்தைப் பூட்டும் இரும்புச் சட்டம்) சாய்ந்து நிற்கும் இரும்புப் பலகையிலும், காய்ந்த மையும் காகிதத் துணுக்கும் அப்பியிருக்கும். பிளேடால் சுரண்டி மண்ணெண்ணெயில் துடையுங்கள். எனக்குத் தெரிந்து பாதி வழக்கு இங்கேயே முடிந்துவிடும்.

இன்னும் முடியவில்லை என்றால் ஒரே எழுத்து நாலு, 48 பாயிண்ட் போலப் பெரியதாக, நாலு மூலையில் வைத்துப் பூட்டி அடியுங்கள். பிறகு இடது எழுத்தை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றி வைத்து அடியுங்கள். கறுப்பு எழுத்தோடு கூடவே இடம் மாறினால் அந்த எழுத்துதான் உயரம், அதே மூலையில் நின்றால் பிளாட்டன் சாய்ந்திருக்கிறது. அந்த ஒரு நிலையில் மட்டும்தான் போல்ட். பூட்டு நட்டைத் தளர்த்தி, எட்டில் ஒரு பங்கு சுற்று, அவ்வளவுதான், மறுபடி அடித்துப் பார்த்து மறுபடி எட்டில் ஒரு பங்கு. வெளுத்த பக்கத்தை ஏற்றுவதை விட, முதலில் நாலையும் கொஞ்சம் தளர்த்தி எல்லாப் பக்கமும் சமமாக வெளுக்கும்படி கொண்டுவந்துவிட்டு, மீதியைப் பேக்கிங்கில் ஒரு தாள் கூட்டிச் சரிக்கட்டுவதுதான் அண்ணாச்சி முறை. ஒருதரம் சமமாக வைத்த பிறகு வருஷக்கணக்கில் அதைத் தொடத் தேவையில்லை. அன்றாட வேலைக்கு வரும் கூடுதல் குறைச்சல் எல்லாம் பேக்கிங்கில்தான்.

இனி குழிந்து விழுவது பற்றி. இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. நாங்கள் வேலை பழகிய காலத்தில் அடித்த தாளை அண்ணாச்சி திருப்பிப் பின்பக்கம் தடவிப் பார்ப்பார், தடம் விரலுக்குத் தெரிந்தால் திட்டு விழும். எழுத்து தாளைத் தொட்டதும் தெரியக் கூடாது, மை மட்டும் இறங்க வேண்டும் என்பதுதான் அன்றைக்கு நல்ல அச்சு. இன்று அதே தடம்தான் வேண்டும் என்று ஆட்கள் காசு கொடுக்கிறார்கள். சரி, ரசனை மாறுகிறது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதை ஈய எழுத்தில் செய்யாதீர்கள். எழுத்து வார்க்கும் உலோகம் ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் மூன்றும் கலந்தது. ஆன்டிமனி அதற்குக் கடினம் கொடுக்கிறது என்றாலும் பெரும்பங்கு ஈயம்தான், இரும்பு மாதிரி கெட்டி இல்லை. கனத்த தாளில் குழிய அடித்தால் ஐந்நூறு பத்திரிகைக்குள் முனைகள் மழுங்கிவிடும். தமிழில் இது இன்னும் சீக்கிரம் தெரியும், மெய்யெழுத்தின் புள்ளி முதலில் போகும், அடுத்து 'ஞ', 'ஜ' மாதிரி நெருங்கிய சுழிகள் மையால் அடைபடும். தேய்ந்த எழுத்துக்குப் பதில் புதிதாக வார்த்துத் தர இன்று ஆளைத் தேடி அலைய வேண்டும், எனவே உங்களிடம் இருக்கும் ஆறு கேஸும் திரும்பக் கிடைக்காத சரக்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

குழிவு வேண்டும் என்றால் பாலிமர் பிளேட்டோ மெக்னீசியம் பிளாக்கோ செய்து கொள்ளுங்கள். பாலிமர் என்றால் பிளேட், அதை ஒட்டும் பசை, அடியில் வைக்கும் உலோகப் பலகை மூன்றும் சேர்ந்து அதே 0.918 வர வேண்டும், வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். பிளேட் நசுங்கினால் இன்னொன்று செய்துகொள்ளலாம், எழுத்து பிழைத்துக்கொள்ளும். தாளும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பளபளவென்ற ஆர்ட் பேப்பர் குழியாது, குழிந்தாலும் மேல்பூச்சு வெடிக்கும். பஞ்சுக்கூழில் செய்த கனமான கைத்தாள் வாங்குங்கள், புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் பிரிவு செய்வது மாதிரி. அடிக்கும் முன் பின்பக்கம் ஈரப் பஞ்சால் லேசாக ஒற்றி, கட்டாக அடுக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றி ஒரு மணி நேரம் வைத்தால் நார் இளகிக் கொடுக்கும், பாதி அழுத்தத்திலேயே நல்ல தடம் விழும். அதிகம் நனைத்தால் தாள் நெளிந்து, இரண்டாவது நிறம் அடிக்கும்போது இடம் பொருந்தாமல் போகும், கவனம்.

பரப்பையும் பாருங்கள். நாலு வரி மெல்லிய எழுத்துக்கும், உள்ளங்கை அளவு முழுக்கறுப்புப் பிள்ளையார் படத்துக்கும் மெஷின் கொடுக்க வேண்டிய பலம் ஒன்றல்ல. அச்சாகும் பரப்பு கூடக்கூட அதே குழிவுக்கு அத்தனை மடங்கு பலம் வேண்டும். ஹைடெல்பர்க் விண்ட்மில் மெஷினில் ஷியர் காலர் என்று ஒரு வளையம் இருக்கிறது, தாங்க முடியாத அழுத்தம் வந்தால் அது தான் உடைந்து மெஷினைக் காப்பாற்றிவிடும். நம் டிரெடிலில் அப்படிக் குறுக்கே விழுந்து காப்பாற்ற ஒன்றும் இல்லை. உடம்பு முழுக்க வார்ப்பிரும்பு, வார்ப்பிரும்பு வளையாது, ஒருநாள் 'டொக்' என்று சத்தம் கேட்கும், பக்கவாட்டுக் கையில் விரிசல் விட்டிருக்கும். அதைப் பற்றவைக்கத் தெரிந்த ஆளும் இப்போது குறைவு. பெரிய படத்தைத் தனியாக ஓர் ஓட்டம், எழுத்தைத் தனியாக ஓர் ஓட்டம் என்று பிரித்து அடியுங்கள். பிளாக்கை எப்போதும் சேஸின் நடுவில் பூட்டுங்கள், ஓரத்தில் பூட்டித்தான் ஆக வேண்டும் என்றால் எதிர்ப்பக்கம் அச்சில் விழாத இடத்தில் அதே உயரக் கட்டை ஒன்றைத் துணைக்கு நிறுத்துங்கள்.

பூட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், புதியவர்கள் அவசரப்படும் இடம் இது. ஸ்டிக்கை (எழுத்தை வரியாக அடுக்கும் சிறு தட்டு) இடது கையில் பிடித்து, எழுத்தின் நிக், அதாவது காலில் உள்ள வெட்டு, மேலே தெரியும்படி இடமிருந்து வலமாக அடுக்குகிறோம். எழுத்து தலைகீழாகத் தெரியும், வாசிக்கப் பழக ஒரு வாரம் ஆகும். வரி முடிந்ததும் ஸ்பேஸ் போட்டு இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்றால், ஸ்டிக்கைச் சாய்த்தாலும் வரி விழாமல் தானாக நிற்க வேண்டும், ஆனால் விரலால் முன்னே தள்ளினால் நகர வேண்டும். ஒரு வரி இறுக்கமும் அடுத்த வரி லொடலொடவும் ஆனால் சேஸில் எவ்வளவு முறுக்கினாலும் லொட வரியிலிருந்து எழுத்து நழுவும். பக்கம் பக்கமாக ஸ்டோன் (சமதளமான மேஜை) மேல் எடுத்து வைத்து, சுற்றிலும் பர்னிச்சர் போட்டு (நாற்காலி மேஜை இல்லை, மரத்துண்டுக்கு அச்சாபீஸில் அதுதான் பெயர்) குவாயின் (சாவியால் இறுக்கும் ஆப்பு) வைத்துக் கையால் இறுக்குங்கள். பிளேனர் கட்டையை எழுத்தின் மேல் சமமாக வைத்துச் சுத்தியால் இரண்டு தட்டு, மெதுவாக. பிறகு சாவி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக, எல்லாக் குவாயினையும் மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

இறுக்கிய பிறகு சேஸின் ஒரு மூலைக்கு அடியில் குவாயின் சாவியைச் சொருகித் தூக்கி நிறுத்திவிட்டு, விரல் நுனியால் ஒவ்வொரு வரியையும் மெல்ல அழுத்துவோம். எந்த எழுத்தாவது கீழே இறங்கினால் அந்த வரி லொட. முறுக்கிச் சரி செய்யப் பார்க்காதீர்கள், திறந்து அந்த வரிக்கு மெல்லிய ஸ்பேஸ் ஒன்று போடுங்கள். அதிகம் முறுக்கினால் நடுப்பகுதி வில் மாதிரி மேலே எழும்பும், நடுவில் கறுப்பும் ஓரத்தில் வெளுப்பும் விழும், அதைப் பார்த்துவிட்டு மறுபடி போல்ட்டைத் தேடுவீர்கள்.

சாவியைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது, மெஷினில் சேஸை ஏற்றியதும் முதல் அடியை மோட்டாரில் அடிக்கவே கூடாது. சக்கரத்தைக் கையால் சுற்றி, பிளாட்டன் மெல்ல மூடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். எனக்குப் பத்தொன்பது வயதில் முகூர்த்த நெருக்கடியில், தாள் வந்து நிற்பதற்காக டிம்பனில் குத்தும் பின்னை அரை அங்குலம் உள்ளே தள்ளிக் குத்திவிட்டேன். மோட்டாரைப் போட்டேன். ஒரே அடி. மாப்பிள்ளை பெயரில் மூன்று எழுத்து அப்பளமாகிவிட்டது, அதில் ஒன்று அந்தக் கேஸில் மிச்சமே இல்லாத 'ஸ்ரீ'. அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் சப்பிப்போன 'ஸ்ரீ'யை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போனார். மாப்பிள்ளை வீட்டாரிடம் போய் 'திரு' போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டது நான்தான்.

விரலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வலது கையால் தாளைக் கொடுக்கிறோம், இடது கையால் எடுக்கிறோம், நடுவில் பிளாட்டன் திறந்து மூடுகிறது. தாள் கோணலாக விழுந்துவிட்டால் விட்டுவிடுங்கள், கையை உள்ளே விட்டு நிமிர்த்தப் போகாதீர்கள். இடது பக்கம் இருக்கும் கைப்பிடியைத் தள்ளினால் அடி விழாமல் மெஷின் மட்டும் ஓடும், கெட்டது ஒரு தாள்தான். பழகிய ஆள் மணிக்கு ஆயிரம் கொடுப்பார், உங்களுக்கு முந்நூறு போதும், மோட்டார் வேகம் அதிகமாக இருந்தால் புல்லியை மாற்றிக் குறையுங்கள். துண்டு, துப்பட்டா, தொளதொளச் சட்டைக் கை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, எதுவும் மெஷின் பக்கம் வேண்டாம். ஓடும்போது பேச்சும் வேண்டாம்.

மை விஷயத்தில் ஒரே சூத்திரம், குறைவாக. சுண்டைக்காய் அளவு எடுத்துத் தட்டில் மூன்று நாலு இடத்தில் தடவி, ரோலரை இருபது தடவை ஓட விட்டுக் காதைக் கொடுங்கள். சரியான அளவில் 'ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம் வரும், பட்டுப்புடவை உரசுகிற மாதிரி. சப்சப்பென்று ஒட்டிப் பிய்கிற சத்தம் வந்தால் அதிகம். டப்பாவில் மையைக் குடைந்து எடுக்கக் கூடாது, மேலாகச் சமமாக வழித்து எடுத்துவிட்டு, எண்ணெய்த் தாளை வட்டமாக வெட்டி மையின் மேல் காற்றுப் புகாமல் ஒட்டி மூடுங்கள். ஆளிவிதை எண்ணெய் மை காற்றுப் பட்டுத்தான் காய்கிறது, டப்பாவில் ஏடு கட்டுவதும் அதனால்தான். அந்த ஏட்டைக் கலக்கிவிட்டால் அன்று முழுக்க எழுத்தில் துணுக்கு உட்கார்ந்துகொண்டே இருக்கும். ரப்பர் மை என்று ஒன்று கிடைத்தால் பழகுவதற்கு அது நல்லது, தட்டில் பல மணி நேரம் காயாமல் இருக்கும்.

கழுவ, மண்ணெண்ணெய். அது கிடைப்பது பாடு என்றால் பெயிண்ட் கடையில் விற்கும் மினரல் டர்பன்டைன். தின்னர் வேண்டவே வேண்டாம், ரப்பர் ரோலர் உப்பி, பிறகு வெடித்துவிடும். முதலில் துணியில் கொஞ்சம் சமையல் எண்ணெய் தொட்டு ரோலரைத் துடைத்தால் மை பெரும்பாலும் இளகி வந்துவிடும், கடைசித் துடைப்புக்கு மட்டும் மண்ணெண்ணெய் போதும், ரோலருக்கும் நல்லது உங்கள் கைக்கும் நல்லது. துடைத்த பிறகு உலர்ந்த துணியால் இன்னொரு தடவை, ஏனென்றால் மண்ணெண்ணெயின் பிசுக்கு நின்றால் மறுநாள் மை ஒட்டாது. வேலை முடிந்ததும் ரோலரைக் கழற்றி நிற்க வைக்க வேண்டும். மெஷினிலேயே மைத்தட்டின் மேல் அழுந்தியபடி விட்டால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும், அதன் பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெள்ளைக் கோடு விழும்.

உங்கள் ரோலர் பழுப்பாக, வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கொண்டு, லேசான வாடையோடு இருந்தால் அது ரப்பரே இல்லை, கம்போசிஷன் ரோலர். வஜ்ரத்தையும் வெல்லப்பாகையும் காய்ச்சி அச்சில் ஊற்றி எடுப்பது. பிற்காலத்தில் கிளிசரின் சேர்த்தார்கள். தண்ணீர் பட்டால் கரையும், மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பும், சித்திரை வெயிலில் இளகித் தொங்கும், இத்தனைக்கும் மேல் எலி அதை விரும்பித் தின்னும். அந்த உருளையின் இரும்புத் தண்டை மட்டும் காப்பாற்றி, ரப்பர் ஏற்றும் இடத்தில் கொடுத்துப் புது ரப்பர் போட்டுக்கொள்ளுங்கள். மிருதுவான ரப்பராகக் கேளுங்கள், ரப்பரின் கெட்டித்தனத்தைச் சொல்லும் ஷோர் அளவில் 25 பக்கம். ஆஃப்செட் ரோலருக்குப் போடும் கெட்டி ரப்பரை ஏற்றிவிடப் போகிறார்கள், சொல்லிக் கொடுங்கள்.

எண்ணெய் போடுவதில் ஒரு பொதுவான தப்பு இருக்கிறது. பழைய மெஷினை வாங்கியதும் ஆசையாகப் பச்சைப் பெயிண்ட் அடிக்கிறார்கள், அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எண்ணெய்த் துளைகளில் பாதி பெயிண்டால் அடைபட்டுப் போகிறது. பிறகு மேலே எண்ணெய் ஊற்றினால் வழிந்து தரைக்குப் போகும், உள்ளே தண்டு காய்ந்து தேயும். எங்கெல்லாம் இரும்பு இரும்பின் மேல் அசைகிறதோ அதற்கு மேலே எங்கோ ஒரு துளை இருக்கும். டார்ச் அடித்துத் தேடி, ஊக்கு முனையால் அழுக்கை எடுத்து, எல்லாத் துளைக்கும் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டும் நாளில் ஓட்டுவதற்கு முன் துளைக்கு இரண்டு சொட்டு மெஷின் ஆயில், பல்சக்கரத்துக்குக் கிரீஸ். வழிந்ததைத் துடைக்காவிட்டால் முதல் ஐம்பது பத்திரிகையில் எண்ணெய்ப் புள்ளி இருக்கும். துரு இருந்தால் மண்ணெண்ணெயும் இரும்புநாரும் போதும். மணல் பீச்சித் துருவை எடுக்கிறேன் என்று சொல்பவரிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள், மணல் பேரிங்கில் போய் உட்கார்ந்துவிடும்.

எழுத்துக்கு வருவோம். சேஸில் இருக்கும்போதே மண்ணெண்ணெய் தொட்ட மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் ஒற்றி எடுங்கள். கம்பி பிரஷ் கூடாது. வருஷக்கணக்கில் மை இறுகிப்போன எழுத்தை இரவு முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போடலாம், பெரிய மர எழுத்தை மட்டும் எதிலும் ஊறப்போடக் கூடாது, முறுக்கிக்கொள்ளும். கேஸில் சில எழுத்தின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கும் பாருங்கள், அது ஈயம் அரித்து வந்த உப்பு. ஈரமும் மரத்திலிருந்து வரும் அமிலமும் சேர்ந்து செய்வது. ஊதாதீர்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, முகம் அரித்துப்போனதைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். ஈயம் நஞ்சு, அதில் விளையாட்டு இல்லை. எழுத்துக் கோக்கும் மேஜையில் டீ, முறுக்கு, வெற்றிலை எதுவும் வேண்டாம், சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள், சின்னக் குழந்தைகளைக் கேஸ் பக்கம் விடாதீர்கள். எங்கள் அச்சாபீஸில் சாயங்காலம் ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுப்பார்கள், ஈயம் இறங்கிவிடும் என்று நம்பிக்கை. பழம் நல்லதுதான், ஈயத்துக்கு அது மருந்தில்லை.

இன்னொன்று, உங்கள் கேஸ் எந்தக் காலத்து எழுத்து என்று பாருங்கள். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டது, அதில் 'ணா', 'றா', 'னா', 'ணை', 'லை', 'ளை', 'னை' முதலாக 13 எழுத்து உருவம் மாறின. அதற்கு முந்திய கேஸ் என்றால் துதிக்கை வைத்த 'லை'யும் சுருட்டிய 'னா'வும் தனித்தனி எழுத்தாக இருக்கும். சில அச்சாபீஸில் இரண்டையும் ஒரே கேஸில் வைத்திருப்பார்கள். பத்திரிகையில் ஒரு வரியில் பழைய 'லை', அடுத்த வரியில் புது 'லை' என்று வந்தால் அசிங்கம், முழுக்கப் பழையது என்றால் தனி அழகு, கேட்டு வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். உயிர், மெய், உயிர்மெய், கொம்பு, கால், கிரந்தம் எல்லாம் சேர்த்து ஒரு தமிழ்க் கேஸுக்கு நூற்றைம்பதுக்கு மேல் அறை வேண்டும், எந்த அறையில் எது என்பது அச்சாபீஸுக்கு அச்சாபீஸ் வேறு. அதனால் எதையும் கோக்கும் முன் ஒவ்வோர் அறையிலிருந்தும் ஓர் எழுத்து எடுத்து வரிசையாக அடித்து, அந்தத் தாளைக் கேஸுக்கு மேல் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரே 12 பாயிண்ட் என்றாலும் இரண்டு வெவ்வேறு பவுண்டரி (எழுத்து வார்க்கும் பட்டறை) எழுத்தைக் கலக்காதீர்கள், வரியின் அடிமட்டம் ஏறி இறங்கும்.

வேலை முடிந்ததும் எழுத்தைப் பிரித்து அறைக்கு அறை போடுவது யாருக்கும் பிடிக்காத வேலை. நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் மை காய்ந்த எழுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு யாரோ தட்டிவிட்டுக் கலந்துபோகும். உடனே முடியாவிட்டால் கழுவி, நூலால் நாலைந்து சுற்றுச் சுற்றி, நுனியை மூலையில் சொருகி, காலியில், அதாவது எழுத்து வைக்கும் தட்டில், வைத்துக் காகிதத்தால் மூடுங்கள்.

கடைசியாக அந்த எண்ணெய்த் துணிகள். மை துடைத்த துணியைப் பந்தாகச் சுருட்டி மூலையில் எறிவது நம் எல்லாருக்கும் பழக்கம். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், குவியலாக இருந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். மூடி போட்ட தகர டப்பா ஒன்று வாங்கி, அதில் தண்ணீர் கொஞ்சம் ஊற்றி, துணியை அதற்குள் போட்டு மூடிவிட்டு, அப்புறம் ஷட்டரை இறக்குங்கள்.